எண்ணும் எழுத்தும் சேர்ந்து படிக்கும் ஜப்பானியப் புதைமேடுகள்

துருவேறிய ஒரு இரும்பு வாள், நீளம் 73.5 சென்டிமீட்டர். டோக்கியோவுக்கு வடக்கே சைதாமா மாகாணத்தில் இனாரியாமா என்ற புதைமேட்டில் 1968இல் அதை எடுத்தார்கள். கவசம், குதிரைச் சாமான்கள், வெண்கலக் கண்ணாடி என்று கூடவே நிறையக் கிடைத்ததால் வாளுக்குத் தனிக் கவனம் ஒன்றும் கிடைக்கவில்லை. பத்து வருஷம் கழித்து, துரு இன்னும் அரிக்காமல் காப்பாற்றுவதற்காக நாரா நகரத்தின் கான்கோஜி ஆய்வு நிறுவனத்துக்குப் போனது. அங்கே துருவுக்கு நடுவே பொன் மினுக்குவதைப் பார்த்து எக்ஸ்ரே எடுத்தார்கள். இரும்பைவிடப் பொன் எக்ஸ்ரே கதிரை அதிகமாகத் தடுக்கும், அதனால் துரு எவ்வளவு மூடியிருந்தாலும் பொன் இழைத்த கோடுகள் படத்தில் தனியாகத் தெரிந்துவிடும். தெரிந்தவை எழுத்துகள். முன்பக்கம் 57, பின்பக்கம் 58, மொத்தம் 115.

கருவியின் வேலை அதோடு முடிந்துவிட்டது. இரண்டு பக்க எழுத்தும் ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கும். அவற்றைப் பிரித்துப் படிக்க பழைய சீன எழுத்தில் பழகிய கண் வேண்டும். எழுத்துதான் சீனம், பெயர்கள் எல்லாம் ஜப்பானியம். ஐந்து சீன எழுத்துகளை அவற்றின் பொருளுக்காக இல்லாமல் ஒலிக்காக மட்டும் வரிசையாக வைத்து ஒரு அரசன் பெயரை எழுதியிருக்கிறார்கள். 5ஆம் நூற்றாண்டில் அந்த எழுத்துகள் எப்படி ஒலித்தன என்று தெரிந்தவர்கள் அதை 'வகதகேரு' என்று படித்தார்கள். வாளைச் செய்வித்தவன் பெயர் வோவகே. தன் முன்னோரில் தொடங்கி எட்டுத் தலைமுறையை வரிசையாகச் சொல்லிவிட்டு, எங்கள் குடும்பம் வாள் ஏந்தும் காவலர்களுக்குத் தலைமை தாங்கி வந்தது, வகதகேரு மாமன்னர் ஷிகி அரண்மனையில் இருந்தபோது நாட்டை ஆள நான் துணை நின்றேன், அதைப் பதிந்து வைக்கவே இந்த வாள் என்கிறான்.

சரி, எந்த வருஷம்? வாளில் இருப்பது அறுபது வருஷச் சுற்றில் ஒரு வருஷத்தின் பெயர் மட்டும். நம் பிரபவ, விபவ போலத்தான் அதுவும். ஒரு சாசனத்தில் வெறுமனே 'விக்ருதி வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது எந்தச் சுற்றின் விக்ருதி என்று வேறு தடயத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். இங்கே இருந்த வாய்ப்புகள் 471, அல்லது 531. பெரும்பாலான ஆய்வாளர்கள் 471 என்கிறார்கள், அதற்குக் காரணம் அரசன் பெயர். 720இல் தொகுத்த 'நிஹோன் ஷோகி' என்ற பழைய வரலாற்று நூலில் யூர்யாகு பேரரசரின் இயற்பெயருக்குள் இந்த வகதகேரு இருக்கிறது, சீன அரச வரலாற்றிலும் 478இல் தூது அனுப்பிய ஜப்பானிய அரசன் ஒருவனை இவரோடு பொருத்துகிறார்கள்.

அப்புறம் நடந்ததுதான் இன்னும் முக்கியமானது. தெற்கே கியூஷூ தீவில், குமமோத்தோ மாகாணத்தில் எதா ஃபுனயாமா என்ற மேட்டில் 1873இலேயே ஒரு வாள் கிடைத்திருந்தது. வெள்ளி இழைத்த 75 எழுத்துகள், அரசன் பெயர் வரும் இடத்தில் மட்டும் சிதைவு. அதை வெகுகாலமாக வேறொரு அரசன் பெயராக நினைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். இனாரியாமா வாள் வந்தபிறகு அந்தச் சிதைவுக்குள்ளும் வகதகேருதான் உட்காருகிறார் என்று தெரிந்தது. நாரா, ஒசாகா பக்கம் இருந்த ஒரு அரசனின் பெயர், ஏறத்தாழ 900 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வட்டாரத் தலைவர்களின் கல்லறைகளில். 5ஆம் நூற்றாண்டு ஜப்பானில் அரசு அதிகாரம் எவ்வளவு தூரம் எட்டியது என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான சான்று அதுவரை இல்லை. எக்ஸ்ரே இல்லாமல் இது வந்திருக்காது, எழுத்தைப் படிக்கிறவர்கள் இல்லாமலும் வந்திருக்காது. அதே நேரம், வோவகே என்பவன் அந்த மேட்டில் புதைந்தவனேதானா, அல்லது தலைநகரத்துப் பெரிய மனிதன் ஒருவன் உள்ளூர்த் தலைவனுக்குக் கொடுத்த வாளா இது என்ற விவாதம் இன்றுவரை ஓடுகிறது. எந்த எக்ஸ்ரேயும் அதைத் தீர்க்காது.

அறிவியல் வந்து பழைய நூல்களைப் பொய்யாக்கிவிட்டது என்று ஒரு பக்கமும், நூலில் இருப்பதை அறிவியல் நிரூபித்துவிட்டது என்று இன்னொரு பக்கமும் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. கருவி ஒரு எண்ணைத் தரும்போது அந்த எண் எதை அளந்தது என்று கேட்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நூலைப் படிப்பவரும் மண் மறுத்துச் சொல்வதைக் கேட்கத் தயாராக இருக்க வேண்டும். ஜப்பானின் புதைமேடுகள் இந்த இரண்டுக்கும் நல்ல பள்ளிக்கூடம், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இந்த மேடுகளைக் கோஃபுன் என்பார்கள். 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 7ஆம் நூற்றாண்டு வரை கட்டப்பட்டவை, நாடு முழுக்க சுமார் 1,60,000 இருக்கின்றன. பெரும்பாலானவை சின்ன வட்ட மேடுகள். பெரிய தலைவர்களுக்கு மட்டும் ஒரு பக்கம் வட்டமும் மறுபக்கம் விரிந்த மேடையுமாக, மேலிருந்து பார்த்தால் சாவித்துவாரம் மாதிரி தெரியும் வடிவம். சகாய் நகரத்தில் உள்ள தைசென் மேட்டின் நீளம் 486 மீட்டர், சுற்றி மூன்று அகழி. ஒபாயாஷி என்ற கட்டுமான நிறுவனம் 1985இல் ஒரு கணக்குப் போட்டது: அந்தக் காலக் கருவிகளோடு, ஒரு நாளைக்கு அதிகபட்சம் 2,000 பேர் வேலை செய்தால் 15 வருஷம் 8 மாதம், மொத்தம் 68 லட்சம் ஆள்நாள். மண்ணின் கன அளவையும் மனித உழைப்பையும் வைத்துப் போட்ட பொறியியல் கணக்குதான் இது, ஆனால் இத்தனை பேருக்கு இத்தனை வருஷம் சோறு போட்டது யார் என்று உடனே ஒரு வரலாற்றுக் கேள்வி அதிலிருந்து கிளம்புகிறது.

இங்கே ஒரு பெரிய தடை. பேரரசர் குடும்பத்துக் கல்லறைகள் என்று குறிக்கப்பட்ட கிட்டத்தட்ட 900 இடங்கள் பேரரசர் குடும்ப விவகாரங்களைக் கவனிக்கும் அரசுத் துறையான அரச இல்ல முகமையின் பொறுப்பில் இருக்கின்றன. அவை வழிபாட்டுக்குரிய முன்னோர் கல்லறைகள், ஆகவே தோண்டக் கூடாது என்பது அவர்கள் நிலை. அந்த மரியாதையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்த மேடு எந்தப் பேரரசருடையது என்று முடிவு செய்தது எப்போது? பெரும்பாலும் எடோ காலத்திலும் (1603–1868) மெய்ஜி காலத்திலும் (1868–1912), பழைய நூல்களில் சொன்ன ஊர்ப்பெயர்களையும் திசைகளையும் மட்டும் வைத்து. அதனால் வந்த வினை தைசென் மேட்டிலேயே இருக்கிறது. அது நின்தொகு பேரரசருடையது, சற்றுத் தெற்கே உள்ள 365 மீட்டர் மேடு அவர் மகன் ரிச்சூவுடையது என்பது அதிகாரபூர்வ நிலை. மேடுகளைச் சுற்றி நட்டு வைத்த ஹனிவா என்ற சுடுமண் உருளைகளின் வடிவமும் சுட்ட விதமும் காலத்துக்குக் காலம் மாறும். அந்த வரிசைப்படி பார்த்தால் மகன் மேடு மூத்தது, அப்பா மேடு இளையது. நூலை மட்டும் நம்பினால் நேரும் கோளாறு இது.

இதற்கு நேர் எதிராக, இரண்டையும் சேர்த்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு என் மனதில் முதலில் வருவது தகத்சுகி நகரத்தின் இமஷிரோசுகா. 190 மீட்டர் நீளம், இரட்டை அகழி. 531 வாக்கில் இறந்த கெய்தாய் பேரரசரின் உண்மையான கல்லறை இதுதான் என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். முகமை அவருக்கென்று குறித்திருப்பது பக்கத்து இபராகி நகரத்தின் வேறொரு மேட்டை, அதன் ஹனிவாக்களோ 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. அந்தத் தவறால் ஒரு நன்மை: இமஷிரோசுகா முகமையின் பட்டியலில் இல்லை, ஆகவே தோண்ட முடிந்தது. 1997 முதல் நடந்த அகழாய்வில், உள் அகழியின் கரைமேல் 65 மீட்டர் நீளத்துக்கு வீடுகள், பூசாரிப் பெண்கள், மல்லர்கள், பருந்து ஏந்தியவர்கள், குதிரைகள், வீரர்கள் என்று நிறுத்தி வைத்த ஒரு முழுச் சடங்கே ஹனிவாக்களாக வெளிவந்தது.

அந்த மேட்டின் உருவம் ரொம்பச் சிதைந்து கிடந்தது. உச்சி தட்டையாகி, சரிவுகள் வழிந்து போயிருந்தன. 16ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் யாரோ கோட்டையாக மாற்றி வெட்டிவிட்டார்கள் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். குழி வெட்டிப் பார்த்த நிலவியலாளர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். மேட்டின் மண் அடுக்குகள் அப்படியே சறுக்கி அகழிக்குள் இறங்கியிருக்கின்றன, இது மனிதன் வெட்டியது இல்லை, நிலநடுக்கத்தில் சரிந்தது. எந்த நிலநடுக்கம்? அதற்கு ஏடுகளிடம் போனார்கள். 1596இல் கியோத்தோ பக்கத்தில் ஃபுஷிமி கோட்டையையே இடித்துத் தள்ளிய பெரும் நிலநடுக்கம் பற்றிய பதிவுகள் இருக்கின்றன. சரிவு அந்த நிலநடுக்கத்தோடு பொருந்தியது. மண் காரணத்தைச் சொன்னது, ஏடு தேதியைச் சொன்னது.

உள்ளே இருந்த கற்பேழைகள் துண்டு துண்டாகத்தான் கிடைத்தன, ஆனால் கல் மூன்று வகை, அதாவது மூன்று பேழைகள். ஒன்று பக்கத்து நிஜோ மலைக் கல், இன்னொன்று ஹ்யோகோ பக்கத்துக் கல். மூன்றாவது இளஞ்சிவப்பு. கனிம அமைப்பைப் பார்த்தால் அது அசோ எரிமலை கக்கிய சாம்பல் இறுகி உண்டான பாறை, எடுத்த இடம் கியூஷூவில் உதோ தீபகற்பம். அங்கிருந்து ஒசாகா வரை கடல்வழியாக ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். அந்தக் காலப் படகில் இவ்வளவு கனமான பேழையை உண்மையிலேயே கொண்டுவந்திருக்க முடியுமா என்ற சந்தேகத்துக்கு 2005இல் ஒரு குழு செய்து காட்டியே பதில் சொன்னது. அதே கல்லில் பேழை செய்து, பழைய மாதிரியில் படகு கட்டி, துடுப்புப் போட்டு ஒசாகா வரை வந்து சேர்ந்தார்கள்.

முடியும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும், நல்ல கல் பக்கத்திலேயே இருக்கும்போது? இந்த இடத்தில் பாறை வல்லுநர் ஒதுங்கிக்கொள்ள வரலாற்று ஆசிரியர் முன்னால் வர வேண்டும். கெய்தாய் காலத்தில்தான், 527இல், கியூஷூவில் இவாய் என்ற தலைவன் கலகம் செய்தான் என்கிறது நிஹோன் ஷோகி. தெற்கின் கல் தலைநகருக்கு வந்த வரவையும் அந்தக் கலகத்தையும் சேர்த்துவைத்துப் பார்த்தால், யாருடன் நட்பு, யாருடன் பகை என்ற அரசியல் கேள்வி எழுகிறது. கல் பகுப்பாய்வு அறிக்கையை மட்டும் படிக்கிறவர் இந்தக் கேள்விக்கு வரவே மாட்டார்.

எல்லா இடத்திலும் இப்படி இரண்டும் அழகாகக் கைகோத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். நாரா மாகாணம் சகுராய் நகரத்தில் ஹஷிஹகா என்ற மேடு இருக்கிறது, சுமார் 280 மீட்டர். பெரிய சாவித்துவார மேடுகளில் மிகப் பழையவற்றில் ஒன்று, முகமையின் பொறுப்பில் இருப்பதால் கல்லறையைத் தொட முடியாது. சீன வரலாறு ஹிமிகோ என்ற அரசியைப் பற்றிப் பேசுகிறது: 239இல் சீனாவின் வேய் அரசுக்குத் தூது அனுப்பினாள், நூறு வெண்கலக் கண்ணாடிகள் பரிசாகப் பெற்றாள், 248 வாக்கில் இறந்தாள், நூறு அடிவைப்புக்கு மேல் குறுக்களவுள்ள மேடு எழுப்பினார்கள். வேய் காலத்து அடிவைப்பு ஏறத்தாழ 1.45 மீட்டர், நூறு வைத்தால் 145 மீட்டர். ஹஷிஹகாவின் வட்டப் பகுதி கிட்டத்தட்ட அதே அளவு. அவளுடைய நாடு நாராவில் இருந்ததா கியூஷூவில் இருந்ததா என்ற சண்டை எடோ காலத்திலிருந்தே நடக்கிறது என்பதால், இந்த மேட்டின் தேதி ஜப்பானில் தலைப்புச் செய்தி.

2009இல் தேசிய ஜப்பானிய வரலாற்று அருங்காட்சியகத்தின் குழு, மேட்டைச் சுற்றிக் கிடைத்த பானைகளில் ஒட்டியிருந்த கரியைக் கார்பன் முறையில் அளந்து 240 முதல் 260க்குள் என்று அறிவித்தது. ஹிமிகோவின் இறப்புக்கு அப்படியே பொருந்துகிற எண். உடனே எதிர்ப்பு வந்தது, அதில் நியாயமும் இருக்கிறது. பானையில் ஒட்டிய கரி, சமைத்த பொருளைப் பொறுத்தும் எரித்த விறகைப் பொறுத்தும் உண்மையைவிடப் பழைய தேதியைக் காட்டலாம். கார்பன் அளவை வருஷமாக மாற்ற உதவும் உலகப் பொது அட்டவணையோடு ஒப்பிட்டால் ஜப்பானிய மரங்களின் வளையங்களில் அந்தக் காலகட்டத்தில் சிறு விலகல் வேறு இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, கரி சொல்வது அந்தச் சாப்பாடு சமைத்த காலத்தை; மேடு கட்டி முடித்த காலத்தை அல்ல. பானை எந்த அடுக்கில், எந்த நிலையில் கிடந்தது என்று தொல்லியலாளர் சொன்னால்தான் சமையலும் கட்டுமானமும் சேரும். 20 வருஷ இடைவெளிக்குள் ஒரு குறிப்பிட்ட மனிதரைப் பிடித்துவிட்டோம் என்று சொல்ல இந்தச் சான்று போதாது என்பதே என் கருத்து. பக்கத்தில் உள்ள மகிமுகு என்ற பழைய குடியிருப்பில் ஒரே குழியில் 2,700க்கு மேற்பட்ட பீச் பழக்கொட்டைகள் கிடைத்தன, அவற்றை அளந்தபோது 135 முதல் 230க்குள் என்று வந்தது. கொட்டை ஒரே வருஷத்தில் விளைகிற பொருள், அதனால் பானைக் கரியைவிட நம்பகமான மாதிரி. ஆனால் அதுவும் அந்த ஊர் எப்போது பெரிய இடமாக இருந்தது என்பதைத்தான் சொல்கிறது, அங்கே ஆண்டது யார் என்பதை அல்ல.

இதே ஹஷிஹகா பற்றி நிஹோன் ஷோகியில் ஒரு கதை இருக்கிறது. பகலில் மனிதர்கள் கட்டினார்கள், இரவில் தெய்வங்கள் கட்டின, நாராவின் மேற்கு எல்லையில் உள்ள ஓசாகா மலையிலிருந்து மேடு வரை மக்கள் வரிசையாக நின்று கல்லைக் கைக்குக் கை மாற்றினார்கள் என்று. கதைதானே என்று தள்ளிவிடாமல் மேட்டில் கிடந்த கற்களைப் பாறை வல்லுநர்கள் பார்த்தார்கள். வட்டப் பகுதியில் கிடைத்தவை ஒசாகா மாகாணம் கஷிவாராவில் ஷிபயாமா குன்றின் எரிமலைக் கற்கள். கதை சொன்ன மலை அது இல்லை. ஆனால் மலை தாண்டி மேற்கே ஒசாகா பக்கமிருந்து கல் வந்தது என்பது சரி. கட்டி முடித்து நாலரை நூற்றாண்டுக்கு மேல் ஆனபிறகு எழுதிய நூல் இவ்வளவு நினைவு வைத்திருந்ததே பெரிய விஷயம். நூலின் எந்த வரியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அளந்து பார்க்க இப்படி ஒரு கல்லும் உதவும்.

ஹிமிகோவின் கண்ணாடிகள் கதையும் இதே போல்தான். விளிம்பு முக்கோணமாக உயர்ந்த ஒரு வகை வெண்கலக் கண்ணாடி ஜப்பானிய மேடுகளில் 500க்கு மேல் கிடைத்திருக்கிறது. 239, 240 என்று சீன வருஷம் பொறித்தவையும் அதில் உண்டு. விசித்திரம் என்னவென்றால் சீனாவில் இது கிடைப்பதாகவே இல்லை. ஈயம் எந்தச் சுரங்கத்தது என்று காட்டும் ஐசோடோப்பு விகிதத்தை அளந்தால் ஈயம் சீனத்து ஈயம் என்று தெரிகிறது. ஆனால் சீன உலோகத்தை இறக்குமதி செய்து ஜப்பானில் வார்த்திருந்தாலும் இதே எண்தான் வரும், ஆகவே வார்த்த இடம் எது என்ற சண்டை அப்படியே நிற்கிறது. சகுராய் சவுசுயாமா மேட்டில் 2009இல் மறுபடி தோண்டியபோது சுக்குநூறான கண்ணாடித் துண்டுகள் கிடைத்தன. அதில் விரல் நுனி அளவு ஒரு துண்டு, அதன்மேல் ஒரே ஒரு சீன எழுத்து. முப்பரிமாண லேசர் அளவீட்டில் அந்த எழுத்தின் மேடுபள்ளத்தை மற்றக் கண்ணாடிகளோடு ஒப்பிட்டார்கள். தொலைவில் குன்மா மாகாணத்தில் கிடைத்த, 240ஆம் வருஷம் பொறித்த கண்ணாடியோடு அது அச்சாகப் பொருந்தியது. ஒற்றை எழுத்து முழு வாசகத்தையும் வருஷத்தையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டது.

மரபணு ஆய்வு பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஆனால் அதிகம் சொல்லவும் இல்லை. ஜப்பானிய மண் அமிலத்தன்மை கொண்டது, எலும்பு தங்குவது அரிது. 2021இல் வெளியான ஒரு ஆய்வு, கனசாவாவில் கிடைத்த கோஃபுன் காலத்து மூன்று பேரின் மரபணுவை வைத்து, அந்தக் காலத்தில் ஆசியப் பெருநிலத்திலிருந்து ஏற்கெனவே இருந்த இரண்டு மூதாதையர் கூட்டங்களோடு மூன்றாவதாக ஒரு கலப்பு வந்தது என்றது. அவர்கள் குன்றைக் குடைந்த சாதாரணக் கல்லறைகளில் கிடைத்தவர்கள், மாபெரும் மேடுகளின் தலைவர்கள் இல்லை. பிறகு 2024இல், அதற்கு முந்தைய யயோய் காலத்து ஒருவரின் மரபணுவிலேயே அந்தக் கலப்பு இருப்பதாக வேறு ஆய்வு சொன்னது. மூன்று பேரை வைத்து ஒரு நாட்டின் பிறப்பையே எழுதுகிற தலைப்புகளைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இரு துறைகளும் சேர்வது மேட்டைத் திறப்பதற்கு முன்பே நடக்க வேண்டும். 1972இல் அசுகா கிராமத்தில் தகமத்சுசுகா என்ற சின்ன மேட்டின் கல்லறைக்குள் வண்ண ஓவியங்கள் வெளிப்பட்டன. நாடே கொண்டாடியது. நெடுங்காலம் மூடிக் கிடந்த அறையின் ஈரமும் வெப்பமும் மாறியதும் பூஞ்சை வந்தது, மருந்து அடித்தார்கள், மறுபடி வந்தது. கடைசியில் 2007இல் கல்லறையையே கல் கல்லாகப் பிரித்து வெளியே எடுத்தார்கள், ஓவியங்களைச் சீர்செய்து முடிக்க 2020 ஆயிற்று. பக்கத்தில் உள்ள கிதோராவை 1983இல் மெல்லிய ஒளியிழைக் குழாய் மட்டும் செலுத்திப் பார்த்தது எவ்வளவோ நல்ல அணுகுமுறை.

திறக்காமலே பார்க்கும் வழிகள் இப்போது கூடியிருக்கின்றன. விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான் துகள்கள் உள்ளங்கை அளவு இடத்தில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய நூறு விழுகின்றன. மண்ணும் கல்லும் அதிகமாக உள்ள திசையில் குறைவாக வரும், வெற்றிடம் இருந்தால் கூடுதலாக வரும். எகிப்தின் கிசாவில் கூஃபு பிரமிடில் பயன்பட்ட இந்த முறையை, காஷிஹாரா தொல்லியல் நிறுவனம் 2018இல் ஹஷிஹகாவில் தொடங்கியது. அதே வருஷம் தைசென் மேட்டில் அகழி நீருக்கு அடியில் அளந்து பார்த்து, முதலில் கட்டியபோது நீளம் குறைந்தது 525 மீட்டர் இருந்திருக்கும் என்று முகமையே வெளியிட்டது. முதல்முறையாக சகாய் நகராட்சியோடு சேர்ந்து உள்கரையில் தோண்டி, கல் பாவிய தரையையும் ஹனிவா வரிசையையும் கண்டார்கள். கல்லறைக்கு வெளியே உள்ள இடம்தானே என்று அனுமதி கிடைத்தது.

அதே நியாயம் அகழியின் அடிச்சேற்றுக்கும் பொருந்தும். மேடு கட்டிய நாளிலிருந்து விழுந்த மகரந்தமும் இலையும் சாம்பலும் அந்தச் சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும், குழாய் இறக்கி ஒரு கம்பம் சேறு எடுத்தால் முன்னோர் யாரையும் தொந்தரவு செய்ததாகாது. முகமை அடுத்து அனுமதிக்க வேண்டியது அதைத்தான். எடுக்கும் குழுவில் மகரந்த நிபுணரோடு நிஹோன் ஷோகியைக் கரைத்துக் குடித்த ஒருவரும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.